ஓடாத குதிரை

யாழ்ப்பாணத்தாருக்குக் குதிரை புதிதன்று. கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிக் குதிரைமுகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லியின் கதை மாவிட்டபுரம் என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. நெடுந்தீவிலே கட்டாக்காலிக் குதிரைகள் இன்றும் மேய்கின்றன. வேட்டைத் திருவிழாவன்று சுவாமி எழுந்தருளுவது குதிரை வாகனத்தில். இவையெல்லாம் ஓடுகின்ற குதிரைகள். அல்லது ஓடுவதுபோலப் பாவனை செய்கின்ற குதிரைகள். ஓடாமல், உண்ணாமல், ஓரிடத்தில் நின்றபடியே பாரம் சுமப்பதற்கென்று ஏற்பட்ட குதிரை ஒன்றும் உண்டு. வீணை பயில்கின்ற வீடுகளில் அதனை அறிவார்கள். குடத்தின் மேலே, தந்திகளின் அடியிலே, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவினதாய் நிற்கிறதே, அதுதான்.

ஆங்கிலேயர் அவ்வுறுப்பைப் பாலம் என்கின்றனர். இத்தாலியர் சிறுபாலம் என்பர். பிரெஞ்சுக்காரர் நம் பக்கம். அவர்கள் இட்ட பெயருக்குச் சிறுகுதிரை என்பது சொற்பொருள். வடநாட்டார் பெண்குதிரை என்றார்கள். பாரசீகர் ஒருபடி இறங்கிச் சிறுகழுதை என்று வைத்தார்கள். வேலையின் இயல்பைப் பார்த்தால் பாரசீகரே உண்மையை நெருங்கியவர்கள் என்பது என் கருத்து. வேடிக்கை வேறொன்று. பாலம் என்று பெயரிட்ட அதே ஆங்கிலேயர், அதன்மேல் ஒவ்வொரு கம்பியும் அமர்கின்ற சிறுதுண்டுக்குச் சேணம் என்று பெயர் சொல்கிறார்கள். பாலத்துக்கு ஏது சேணம்? குதிரையை நாம் வைத்திருந்தோம். சேணத்தை அவர்கள் கொண்டுவந்தார்கள் என்று கொள்வோமாக.

இந்தச் சொல்லாராய்ச்சி எனக்கு வீணையினால் வந்ததன்று. ஒரு மின்கிற்றாரினால் வந்தது.

கிற்றார் என் அண்ணருடையது. 1970களிலே கோயில் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் கோஷ்டிகள் ஏறத் தொடங்கியிருந்தன. நாதஸ்வர தவில் கச்சேரிக்கென்று வந்து பாயில் அமர்ந்த சனம், நள்ளிரவுக்குப் பின் கோஷ்டிக்காகவும் இருந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யையும் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யையும் பாடாத இளைஞர் அக்காலத்திலே அரியர். அண்ணர் கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தவர். மூன்று மாதச் சம்பளத்தை மிச்சம்பிடித்து யப்பானிலே செய்த மின்கிற்றார் ஒன்றை வாங்கி வந்தார். ஐயா அதனைப் பார்த்துவிட்டு, “உள்ளுக்கை ஒண்டும் இல்லாத பலகை. இதுக்கோ இவ்வளவு காசு?” என்று கேட்டார். அவர் கேள்வி அறியாமையாற் கேட்டதன்று. வீணைக்குக் குடம் உண்டு. வயலினுக்கு வயிறு உண்டு. மின்கிற்றார் வெறும் பலகைதான். கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்னோட்டமாக மாற்ற, ஒலிபெருக்கி அதனை ஒலியாக்குகிறது. மின்சாரம் நின்றால் எஞ்சுவது நுளம்பின் ரீங்காரம்.

அந்த மின்சாரம் நின்றது. அண்ணர் 1984இல் கனடாவுக்குப் போனார். 1990ஆம் ஆண்டு ஆனியில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாடு இருளில் மூழ்கிற்று. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்துப் படித்த பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லிக் கொடுத்தேன். பற்றரியும் தடைப்பட்ட பொருளாதலின் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். செய்தி கேட்பதற்குச் சுழற்றலாம். கிற்றார் கேட்பதற்கு யார் சுழற்றுவார்? 1995 ஒக்ரோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்த இரவிலே, சைக்கிளில் அரிசிக்குத்தான் இடம் இருந்தது. கிற்றாரை உரச்சாக்கில் சுற்றிக் கிணற்றடிக் கொட்டிலின் முகட்டிலே செருகிவிட்டுப் போனோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கொட்டிலின் கூரையிற் பாதி இல்லை. கிற்றார் இருந்தது. பலகை வீங்கவில்லை, கழுத்து வளையவில்லை. மழை நேரே விழுந்த இடம் குதிரை.

அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அது அலுமாரியின் மேலே கிடந்தது. சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கென்று வந்த பெறாமகன் அதனை இறக்கினான். ரொறன்ரோவிலே பிறந்த பிள்ளை. தமிழ் விளங்கும், பேசும்போது சற்றுத் தயங்குவான். கிற்றார் வாசிப்பதில் மட்டும் அவனுக்குத் தயக்கமில்லை. புதிய கம்பிகள் பூட்டினான். அயல்வீட்டிலே ஒலிபெருக்கி இரவல் வாங்கினான். கம்பிகள் ஒவ்வொன்றாய் அறுந்தன. எல்லாம் ஒரே இடத்தில், சேணத்தின்மேல், அறுந்தன. அறாதிருந்தவை சுருதி சேரவில்லை. வெறுங்கம்பியைத் தட்டினாற் சரியாக இருக்கிறது. பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் பிசகுகிறது. சேணத்தை நகர்த்திச் சரிசெய்யலாமென்றால் திருகாணிகள் துருப்பிடித்துத் தகட்டோடு ஒன்றாகிவிட்டன. இரும்புக்கு நம்மூர் உப்புக்காற்றைவிட வேறு பகை வேண்டுவதில்லை.

“குதிரையை மாத்த வேணும், சித்தப்பா” என்றான்.

அன்றிரவு தொலைபேசியிலே அண்ணர் மறுத்துவிட்டார். “வைச்சிரு, இல்லாட்டி வாசி. குதிரையை மாத்தாதை. அது எங்கடை வீட்டு மழையிலை நனைஞ்சது” என்றார். எனக்கு ஒரு கணம் மறுமொழி வரவில்லை. போரிலே தப்பிய பொருள்களை நாம் அவ்வாறுதான் வைத்திருக்கிறோம். குண்டு துளைத்த அலுமாரியைத் திருத்தாமல் வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அதிலே நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அலுமாரி துளையோடும் உடுப்புத் தாங்கும். குதிரை தன் தொழிலை விட்டால் கிற்றார் கிற்றாரன்று. ஐயா சொன்ன பலகையாகிவிடும். நான் பெறாமகன் பக்கம் நின்றேன். பழையதை எறியமாட்டோம் என்று மட்டும் அண்ணருக்கு வாக்களித்தேன்.

அவன் புதிய குதிரை ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தான், இணையத்தில் விலைக்கு எடுத்தது, வெள்ளிபோல மின்னியது. பழையதைக் கழற்றிப் புதியதை அந்த இடத்தில் வைத்தான். பொருந்தவில்லை. ஆணித் துவாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்பது சிறிய குறை. முதற்கம்பிக்கும் ஆறாங்கம்பிக்கும் இடையே பழையதில் ஏறத்தாழ 52 மில்லிமீற்றர், புதியதில் 55.5. மூன்றரை மில்லிமீற்றர் ஒரு பொருளா என்று கேட்பவர்கள் கிற்றாரின் கழுத்தைப் பார்க்கவேண்டும். ஓரத்துக் கம்பிகள் இரண்டும் கழுத்தின் விளிம்புக்கு வந்துவிட்டன. அழுத்தினால் விரலோடு கீழே நழுவும். அமெரிக்கக் கிற்றாரின் பழைய அளவுக்குச் செய்த குதிரை அது. நம்மிடம் இருந்ததோ யப்பானியக் கழுத்து. வேறு துவாரம் இட்டுப் பூட்டிவிடலாமென்று பிள்ளை துளைகருவி தேடப் புறப்பட்டான். நான் தடுத்து, எங்கள் ஊரிலே கோயில் வாகனங்கள் செய்கின்ற ஆசாரியாரிடம் அழைத்துப் போனேன். அவர் வீணையும் திருத்துவார்.

ஆசாரியாரின் பட்டறையிலே கால் முடியாத குதிரை வாகனம் ஒன்று நின்றது. அதன் நிழலில் எங்கள் சிறுகுதிரையை வாங்கிப் பார்த்தார். கிற்றாரை மடியிற் கிடத்தினார். முதலிற் செய்த வேலை, மேருவிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரைக்கும் ஒரு நூலைப் பிடித்து, அதே நூலை அங்கிருந்து குதிரைப் பக்கம் புரட்டிப் போட்டதுதான். நூலின் நுனி எங்கே விழுகிறதோ அதற்கு அண்மையிலே குதிரை நிற்கவேண்டும். கம்பியின் நடுவிலே பன்னிரண்டாம் மெட்டு. நடுவில் அழுத்தினால் மேல்ஸ்தாயி ஸட்ஜம். அக்கணக்கு எல்லா நாட்டுக்கும் ஒன்று. இந்தக் கிற்றாரில் மேருவுக்கும் மெட்டுக்கும் இடையே 324 மில்லிமீற்றர். ஆகவே முழுநீளம் 648. 

“அண்மையிலே” என்று சொன்னேன். “அதே இடத்திலே” என்று சொல்லவில்லை. இங்கேதான் விஷயம் சுவைக்கத் தொடங்குகிறது. விரல் கம்பியை மெட்டின்மேல் அழுத்தும்போது கம்பி சற்று இழுபடுகிறது. இழுபட்ட கம்பியின் சுருதி ஏறும். கணக்கின்படி சரிநடுவில் அழுத்தினாலும், செவியின்படி சிறிது கூடிவிடும். அந்த மிகையைக் கழிப்பதற்காகக் கம்பியின் நீளத்தை ஓரிரு மில்லிமீற்றர் கூட்டவேண்டும். தடித்த கம்பிக்கு இன்னும் கூட. ஆகையால் கிற்றாரின் சேணங்கள் நேர்வரிசையில் நிற்பதில்லை. அணிவகுப்பில் பின்தங்கிய சிறுவர்களைப்போலச் சரிந்து நிற்கும்.

வீணையிலே இத்தொல்லை ஏன் இல்லை என்று பிள்ளை கேட்டான். ஆசாரியார் சிரித்துக்கொண்டு, மூலையிலே திருத்தத்துக்கு வந்திருந்த வீணையின் மெழுகைத் தொட்டுக் காட்டினார். “இது உருகும், தம்பி” என்றார். அந்த மூன்று சொற்களுக்குள் இரண்டு நாட்டு வாத்தியங்களின் வேறுபாடும் அடங்கிவிட்டது. வீணையின் மெட்டுகள் இருபத்துநான்கும் மெழுகிலே பதிந்தவை. குதிரை நின்ற இடத்தில் நிற்கும். மெழுகை இளக்கி, செவியே அளவுகோலாக, மெட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி அமைப்பார்கள். மேளம் கட்டுதல் என்பது அதற்குப் பெயர். கிற்றாரின் மெட்டுகளோ மரத்தில் வெட்டிய வாயிலே அறைந்தவை, அசையா. அங்கே குதிரைதான் நகர்ந்து கொடுக்கவேண்டும். வீணையில் மெட்டுகள் குதிரைக்கு இசைகின்றன. கிற்றாரில் குதிரை மெட்டுகளுக்கு இசைகிறது. ஆகவேதான் வீணைக் குதிரைக்குத் திருகாணி இல்லை; கிற்றார்க் குதிரை முழுவதும் திருகாணி.

அத்திருகாணிகளும் ஒரேநாளில் வந்தவையல்ல. 1950இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட கட்டைக் கிற்றாரில் ஆறு கம்பிகளுக்கு மூன்று சேணங்களே இருந்தன. இரண்டு கம்பிகளுக்கு ஒரு சேணம்; ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று பிசகும். 1954இலே ஃபெண்டரின் ஸ்ராற்றோகாஸ்ரர் கம்பிக்கொரு சேணமாக ஆறு வைத்தது. அதே ஆண்டில் கிப்சன் நிறுவனத்தின் தலைவர் ரெட் மக்கார்ட்டி அமைத்த குதிரையும், ஒரே சட்டத்தில் ஆறு சேணங்களோடு விற்பனைக்கு வந்தது. இன்று உலகிலே செய்யப்படும் மின்கிற்றார்களிற் பெரும்பாலானவை இவ்விரண்டின் வழிவந்த குதிரைகளையே தாங்குகின்றன. அளவுகள் மட்டும் ஆளுக்கொன்று.

பழைய குதிரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஆசாரியார் அதனைத் தற்காலிகமாக மறுபடி பூட்டச் சொன்னார். அறாதிருந்த இரண்டாங்கம்பியைத் தட்டினார். ஒருவகை இழைந்த ரீங்காரம் எழுந்தது. கிற்றாரில் தம்புரா புகுந்ததுபோல. “இது நல்லாத்தானே கிடக்கு, மாஸ்டர்” என்றார் என்னிடம். பெறாமகனுக்கு அது குறை. பல்லாண்டு கம்பி அறுத்து, துரு அரித்து, சேணத்தின் கூர் விளிம்பு தட்டையாகிவிட்டது. கம்பி தெளிவாய் ஓரிடத்திற் பிரியாமல் தட்டையை உரசிக்கொண்டு பிரிகிறது. ஆசாரியாருக்கு அதுவே குணம்.

இருவர் சொன்னதும் சரியென்பதற்குச் சாட்சி உண்டு. திருச்சிராப்பள்ளியிலே பிறந்த சி. வி. இராமன், ஒளியை ஆராய்ந்து புகழ்பெறுமுன் கல்கத்தாவிலே இசைக்கருவிகளை ஆராய்ந்தவர். ஒரு கம்பியை எந்தப் புள்ளியில் தட்டுகிறோமோ அப்புள்ளியிலே அசைவற்றிருக்கவேண்டிய மேற்சுரங்கள் எழமாட்டா என்பது ஐரோப்பிய அறிஞர் வகுத்த விதி. வீணையும் தம்புராவும் அவ்விதிக்குக் கட்டுப்படவில்லை என்று 1921இல் இராமன் எழுதினார். எழக்கூடாத மேற்சுரங்கள் அவற்றில் எழுகின்றன, வலிமையாகவே எழுகின்றன. காரணம் குதிரை. வயலினில் குதிரையின் விளிம்பு கூர்மை. வீணையிலோ மரக்குதிரையின்மேல் சற்றே வளைந்த உலோகத் தகடு பரந்து கிடக்கிறது. அதிரும் தந்தி அத்தகட்டைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஜீவாளி என்னும் நூலிழையைச் செருகுவதும் இந்த விளையாட்டுக்காகவே. உயிரென்று பொருள்படும் சொல்லை நூலிழைக்கு இட்டவர் செவியுள்ளவராகவே இருந்திருப்பார். 1967இலே அமெரிக்காவில் மின்சித்தார் என்று ஒரு கருவி செய்து விற்றார்கள். அது கிற்றார்தான். குதிரையைத் தட்டையாக்கி அந்த ரீங்காரத்தை வேண்டுமென்றே வரவழைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அதே வேலையை மழை இனாமாகச் செய்து வைத்திருந்தது.

இவ்விடத்தில் விபுலாநந்த அடிகளை நினையாமல் இருக்க முடியவில்லை. மானிப்பாயிலே தலைமையாசிரியராய் இருந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டுப் பழந்தமிழ் யாழை மீட்டெடுக்க முயன்றவர். 1947 ஆனியிலே திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். யாழ் வாசித்த பாணன் ஒருவன் பரிசாகப் பெற்ற மணற்றி என்னும் நிலமே யாழ்ப்பாணமாயிற்று என்பது நம் ஊர்க்கதை. அந்தப் பாணன் கையில் இருந்தது வில்யாழானால் அதற்குக் குதிரை இல்லை. வில்யாழின் நரம்பு நேரே பத்தரின் போர்வைக்குள் இறங்கிவிடும். மெட்டும் இல்லை, சுரத்துக்கொரு நரம்பு. குதிரையும் மெட்டும் உள்ள வீணை இடம்பெற்றபின் யாழ் வழக்கொழிந்தது. பெயரளவில் நாம் குதிரையில்லாத ஊரார் என்று ஆசாரியாரிடம் சொன்னேன். அவர் வாகனக் குதிரையைக் கைகாட்டி, “அப்ப இதை எங்கை கொண்டுபோய் விடுறது?” என்றார்.

பிள்ளை அளவெடுத்தான். இம்முறை மூன்று அளவுகள்: கம்பிகளின் இடைவெளி, ஆணித் துவாரங்களின் இடைவெளி, தகட்டின் விளிம்பிலிருந்து சேணம் நகரக்கூடிய தூரம். கழுத்துப் பலகையின் வளைவையும் கடதாசியில் வெட்டி ஒத்துப் பார்த்தான். சேணங்களின் உயரம் அவ்வளைவைத் தழுவி நடுவில் ஏறி ஓரங்களில் இறங்கவேண்டும். விலைகூடிய குதிரை நல்ல குதிரை என்ற எண்ணம் அவனைவிட்டு அன்றைக்கே போயிருக்கவேண்டும். கொழும்பிலே சொல்லிவைத்தது இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. முன்னையதன் விலையில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. துவாரங்களுள் ஒன்று மட்டும் விலகி நின்றது. ஆசாரியார் அதனை முதிரைக் குச்சி சீவி, பசை தடவி அடைத்து, மறுநாள் புதிதாய்த் துளைத்தார். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ இழுவை இழுக்கின்றன. ஒரு சீமெந்துப் பையின் பாரத்துக்குச் சற்றே குறைவு. தளர்ந்த துவாரத்திலே ஆணி நிற்காது.

பூட்டி முடித்து மின்சாரம் கொடுத்தபோது கிற்றார் பாடவில்லை, உறுமியது. கம்பியைத் தொட்டாலும் உறுமல் தணியவில்லை. பிள்ளையின் முகம் வாடிற்று. நான் ஒலிபெருக்கியைச் சந்தேகித்தேன். பக்கத்துவீட்டார் எங்கள் சுவரின் மின்னிணைப்பைச் சந்தேகித்தார். கடைசியில், பழைய குதிரையைக் கழற்றும்போது அதன் அடியிலிருந்து மெல்லிய செப்புக்கம்பி ஒன்று எட்டிப் பார்த்தது பிள்ளைக்கு நினைவு வந்தது. புவித்தொடுப்பு அது. குதிரை வழியாகக் கம்பிகளையும், கம்பிகள் வழியாக வாசிப்பவனையும் அது கருவியின் புவித்தொடரோடு இணைக்கிறது; அது விட்டுப்போனால் வீட்டு மின்சாரத்தின் 50 சுழற்சி இரைச்சலைக் காந்தச் சுருள் தாராளமாக வாங்கிக்கொள்ளும். செப்புக்கம்பி துவாரத்துக்குள் நழுவி விழுந்திருந்தது. மீண்டும் எல்லாக் கம்பியையும் தளர்த்தி, தகட்டைத் தூக்கி, அதன் நுனியைச் சுரண்டி வெளிச்சமாக்கி, தகட்டின் அடியிலே மடித்து வைத்துப் பூட்டினான். உறுமல் அடங்கியது. அதற்குமுன் அத்தனை அமைதியை எங்கள் விறாந்தை கேட்டதில்லை என்று எனக்குத் தோன்றியது.

பிறகு நடந்தது பொறுமை வேலை. ஒவ்வொரு கம்பியாகப் பன்னிரண்டாம் மெட்டின்மேல் விரல்நுனியால் மெல்லத் தொட்டுத் தட்டுவது. அதே இடத்தில் அழுத்தித் தட்டுவது. அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேணத்தைப் பின்னே இழுப்பது. இறங்கியிருந்தால் முன்னே தள்ளுவது. ஒவ்வொரு முறையும் வெறுங்கம்பியை மறுபடி சுருதி கூட்டவேண்டும். உயரத்தையும் இடையிடையே பார்க்கவேண்டும். தாழ்ந்தால் கம்பி மெட்டில் உராயும், உயர்ந்தால் விரல் நோவதோடு சுருதியும் ஏறும். கைத்தொலைபேசியிலே சுருதி காட்டும் முள்ளை வைத்துக்கொண்டு பிள்ளை இரண்டு மணிநேரம் குனிந்திருந்தான். முள் ஆறு கம்பிக்கும் நடுவில் நின்றபின்தான் நிமிர்ந்தான்.

பழைய குதிரையை நான் தேயிலைத் தகரத்துக்குள் இட்டு, அண்ணருக்குக் கொடுத்தனுப்பும் பொருள்களோடு வைத்தேன். இரவு எட்டு மணிக்கு அவருக்கு அழைத்தோம், அங்கே காலை. மாற்றிவிட்டோம் என்று சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. பிள்ளை தொலைபேசியை ஒலிபெருக்கியின் முன்னே நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு வாசித்தான். தகப்பன் கோஷ்டியிலே வாசித்த மெட்டு. எப்போது கேட்டுப் பழகினானோ தெரியாது. முடிந்தபின்னும் மறுமுனையிலே மௌனம். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்க்கையில் அண்ணரின் குரல் வந்தது.

“மூண்டாம் கம்பி மேலை போனால் கொஞ்சம் ஏறி நிக்குது, தம்பி.”

பிள்ளை பன்னிரண்டாம் மெட்டில் அதனை மறுபடி அழுத்திக் கேட்டான். முள்ளைப் பார்க்கவில்லை. திருப்புளியை எடுத்துச் சேணத்தை அரைச்சுற்றுப் பின்வாங்கினான்.